கிளிக் செய்யாதவர் கணினிக்குள்ளும் ‘வார்ம்’ நுழைவது எப்படி? பழியை யார் மீது போடுவது?

“தெரியாத லிங்க்கை கிளிக் பண்ணாதீங்க.” வங்கியிலிருந்து வரும் எஸ்எம்எஸ் முதல் அலுவலக ஐ.டி. பிரிவு அனுப்பும் மெயில் வரை, சைபர் பாதுகாப்பு என்றாலே முதலில் வருவது இந்த அறிவுரைதான். இதில் தவறு ஒன்றும் இல்லை. ஆனால் இது பாதி உண்மை. உலகத்தை ஸ்தம்பிக்க வைத்த கணினிப் புழுக்களில் பல, யாருடைய கிளிக்குக்காகவும் காத்திருக்கவில்லை.

2017 மே 12, வெள்ளிக்கிழமை. பிரிட்டனின் அரசு மருத்துவ சேவையான என்ஹெச்எஸ்ஸின் கணினித் திரைகளில் 300 டாலர் கேட்டு மிரட்டல் செய்தி வந்தது. நோயாளிகளின் விவரங்களைத் திறக்க முடியவில்லை. இங்கிலாந்தில் மருத்துவமனைகளை நடத்தும் 236 டிரஸ்ட்களில் 80 பாதிக்கப்பட்டன. 6,912 அப்பாயின்ட்மென்ட்கள் ரத்தானது உறுதியானது. உண்மையான எண்ணிக்கை 19,000-ஐத் தாண்டும் என்று மதிப்பிடப்பட்டது. சில இடங்களில் அவசர சிகிச்சைக்கு வந்தவர்கள் வேறு ஊர் மருத்துவமனைக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள்.

‘வான்னாக்ரை’ என்ற அந்தப் புழு மெயில் வழியாகப் பரவவில்லை. ஒரு கணினியிலிருந்து அடுத்ததற்குத் தானாகவே தாவியது. அதை நிறுத்தக்கூடிய அப்டேட், சம்பவத்துக்கு இரண்டு மாதங்கள் முன்பே வெளிவந்திருந்தது.

அப்படியென்றால், எச்சரிக்கை முழுவதையும் சாதாரண ஊழியரை நோக்கியே நீட்டுவது எந்த வகையில் நியாயம்? இதற்குப் பதில் சொல்ல, புழுக்கள் எந்தெந்த வழிகளில் பரவுகின்றன என்று முதலில் பார்க்க வேண்டும்.

வைரஸ் வேறு, வார்ம் வேறு

பேச்சு வழக்கில் எல்லாவற்றையும் ‘வைரஸ்’ என்று சொல்லிவிடுகிறோம். ஆனால் இரண்டுக்கும் ஒரு முக்கியமான வித்தியாசம் உண்டு. வைரஸ் இன்னொரு ஃபைலில் ஒட்டிக்கொண்டு வரும். அந்த ஃபைலை யாராவது திறந்தால்தான் அதற்கு உயிர். வார்ம் தனி புரோகிராம். தன்னைத் தானே நகலெடுத்து, நெட்வொர்க் வழியாக அடுத்த கணினியைத் தேடிப் போகும். வைரஸ் பேருந்தில் தொற்றிக்கொண்டு வரும் ஆள் என்றால், வார்ம் சொந்த வண்டி வைத்திருக்கும் ஆள்.

1988 நவம்பர் 2 அன்று அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக மாணவர் ராபர்ட் மோரிஸ் வெளியிட்ட புழுதான் இணையத்தில் பெரிய அளவில் பரவிய முதல் புழு. அன்று இணையத்தில் இருந்தவை சுமார் 60,000 கணினிகள். அதில் 6,000 பாதிக்கப்பட்டதாக மதிப்பிடப்பட்டது. மென்பொருளில் இருந்த ஓட்டை, எளிதில் ஊகிக்கக்கூடிய பாஸ்வேர்டு, ஒரு கணினி இன்னொன்றின் மீது வைத்திருந்த நம்பிக்கை என்று மூன்று வழிகளிலும் அது நுழைந்தது.

புழு ஏற்கெனவே உள்ளே இருக்கும் கணினியில் மறுபடி நுழையாமல் இருக்க ஒரு சோதனையும் அதில் இருந்தது. ஆனால் யாராவது ‘ஏற்கெனவே இருக்கிறது’ என்று பொய்யாகப் பதில் சொல்லித் தப்பித்துவிடக் கூடாது என்பதற்காக, ஏழில் ஒரு முறை எப்படியும் நுழைந்துவிடு என்று எழுதப்பட்டிருந்தது. அந்த ஏழில் ஒன்றே அதிகமாகிப் போனது. ஒரே கணினியில் நகல்கள் குவிந்து, கணினிகள் மூச்சுத் திணறின.

அதற்குப் பிறகு வந்த புழுக்களும் பெரும்பாலும் அதே கதவுகளைத்தான் தட்டுகின்றன. முக்கியமானவை ஐந்து.

1. நம்பிக்கை: மெயிலும் மெசேஜும்

2000 மே மாதம், பிலிப்பைன்ஸிலிருந்து கிளம்பியது ‘ஐ லவ் யூ’. தெரிந்தவரிடமிருந்து ஒரு மெயில் வரும். கூடவே ஒரு காதல் கடிதம். திறந்தால், அவுட்லுக் முகவரிப் புத்தகத்தில் இருக்கும் எல்லோருக்கும் அதே மெயில் உங்கள் பெயரில் போய்விடும். பிரிட்டிஷ் நாடாளுமன்றமே தன் மெயில் சேவையை நிறுத்தி வைக்கும் அளவுக்கு அது பரவியது.

ஜனங்கள் காதல் கடிதம் என்று ஏமாந்துவிட்டார்கள் என்றுதான் இந்தக் கதை வழக்கமாகச் சொல்லப்படும். ஆனால் இன்னொரு காரணமும் இருந்தது. அந்த ஃபைலின் பெயர் ‘டாட் டிஎக்ஸ்டி, டாட் விபிஎஸ்’ என்று முடியும். முதலாவது சாதாரண எழுத்துக் கோப்பைக் குறிப்பது. இரண்டாவது இயங்கக்கூடிய ஸ்கிரிப்டைக் குறிப்பது. விண்டோஸ் தன் இயல்பான செட்டிங்கில் கடைசிப் பகுதியை மறைத்துவிடும். ஆகவே பலரின் திரையில் தெரிந்தது வெறும் எழுத்துக் கோப்பு. கிளிக் செய்தவர்கள் பார்த்துத்தான் கிளிக் செய்தார்கள். பார்க்க வேண்டியதை மறைத்தது மென்பொருள்.

இதே உத்தி இப்போது போனுக்கு வந்துவிட்டது. 2021-ல் எல்லோரும் கொரோனா தடுப்பூசிக்கு ஸ்லாட் தேடிக்கொண்டிருந்தபோது, பதிவு செய்ய உதவும் ஆப் என்ற பெயரில் இந்திய ஆண்ட்ராய்டு போன்களைக் குறிவைத்து ஒரு எஸ்எம்எஸ் புழு பரவியது. இன்ஸ்டால் செய்தவரின் கான்டாக்ட் லிஸ்ட்டில் இருப்பவர்களுக்கு அதுவே அந்த லிங்க்கை அனுப்பியது. அத்தையோ, ஆபீஸ் நண்பரோ அனுப்பிய மெசேஜ் என்றால் யார் சந்தேகப்படுவார்கள்?

ஐந்து வழிகளில் ‘கிளிக் பண்ணாதீங்க’ என்ற அறிவுரை நேரடியாகப் பொருந்துவது இந்த ஒன்றுக்குத்தான்.

2. ஓட்டை: வீடு வீடாகத் தட்டும் புழு

இணையத்தில் இருக்கும் ஒவ்வொரு கருவிக்கும் ஓர் ஐபி முகவரி உண்டு. இந்த வகைப் புழு ஏதாவது ஓர் எண்ணைத் தேர்ந்தெடுக்கும், அந்த முகவரியில் குறிப்பிட்ட ஓட்டை இருக்கிறதா என்று பார்க்கும், இருந்தால் நுழையும், நுழைந்த கணினியிலிருந்தும் அதே தேடலைத் தொடங்கும். ஒன்று இரண்டாகும், இரண்டு நான்காகும்.

இதில் இன்றைக்கும் வியக்க வைப்பது 2003 ஜனவரி 25 அன்று வந்த ‘ஸ்லாமர்’. மொத்த அளவே 376 பைட். யூனிகோடில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் பொதுவாக 3 பைட் எடுக்கும். அந்தக் கணக்கில் இந்தப் புழு ஒரு வாட்ஸ்அப் குட்மார்னிங் மெசேஜ் அளவுகூட இல்லை. ஆனால் தொடக்கத்தில் 8.5 விநாடிக்கு ஒருமுறை அதன் எண்ணிக்கை இரட்டிப்பானது. பாதிக்கப்படக்கூடிய கணினிகளில் 90 சதவீதத்தை 10 நிமிடத்தில் பிடித்துவிட்டது.

இவ்வளவு வேகம் எப்படி? பெரும்பாலான புழுக்கள் ‘உள்ளே யார் இருக்கீங்க?’ என்று கேட்டு, பதில் வந்த பிறகுதான் அடுத்த வேலையைப் பார்க்கும். ஸ்லாமர் பயன்படுத்திய யுடிபி முறையில் பதிலுக்குக் காத்திருக்கத் தேவையில்லை. காலையில் பேப்பர் போடுபவர் கதவு திறக்கும் வரை நிற்காமல், வாசலில் வீசிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவதைப் போல, அது தன் நகல்களை வீசிக்கொண்டே போனது. அமெரிக்காவில் ஏடிஎம்கள் முடங்கின. தென் கொரியாவில் இணைய சேவை பெரிய அளவில் தடைப்பட்டது.

ஓஹியோ மாநிலத்தில் உள்ள டேவிஸ்-பெஸ்ஸி அணுமின் நிலையத்திலும் அது நுழைந்து, பாதுகாப்பு அளவீடுகளைக் காட்டும் கணினி அமைப்பைச் சில மணி நேரம் முடக்கியது. அணு உலை அப்போது ஏற்கெனவே நிறுத்தப்பட்டிருந்ததால் ஆபத்து இல்லை. நிலையத்தில் ஃபயர்வால் இருந்தது. ஆனால் ஒரு கான்ட்ராக்டரின் இணைப்பு அந்த ஃபயர்வாலைச் சுற்றிக்கொண்டு நேரே உள்ளே போனது. முன்வாசலில் காவல் போட்டு, கொல்லைப்புறத்தைத் திறந்து வைத்த கதை.

14 ஆண்டுகள் கழித்து வான்னாக்ரையும் இதே மாதிரிதான் பரவியது. விண்டோஸ் கணினிகள் ஃபைல்களைப் பகிர்ந்துகொள்ளப் பயன்படுத்தும் எஸ்எம்பி என்ற வசதியில் இருந்த ஓட்டை அதற்கு வழியானது. சுமார் 150 நாடுகளில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளைத் தாக்கியது. ஆந்திர மாநில காவல்துறையின் கணினிகளும் தப்பவில்லை.

3. பென் டிரைவ்: இணையமே இல்லாத இடத்துக்கும்

ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுக்கப் போய், ஃபைல்கள் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறிய பென் டிரைவோடு திரும்பி வந்த அனுபவம் தமிழ்நாட்டில் கல்லூரியில் படித்த பலருக்கும் இருக்கும். இதே வழியில்தான் 2010-ல் வெளிச்சத்துக்கு வந்த ‘ஸ்டக்ஸ்நெட்’ ஈரானின் நதான்ஸ் அணு மையம் வரை போனது. வெளி இணையத்தோடு தொடர்பே இல்லாத அந்த இடத்தில், யுரேனியத்தைச் செறிவூட்டும் சென்ட்ரிஃபியூஜ்களை இயக்கும் கருவிகளைத்தான் அது குறிவைத்தது. பென் டிரைவில் இருக்கும் ஃபோல்டரைத் திறந்து ஐகான்களைப் பார்த்தாலே போதும்; எந்த ஃபைலையும் திறக்க வேண்டியதில்லை. இலக்கு ஈரான்தான் என்றாலும், அதிகம் பாதிக்கப்பட்ட நாடுகள் பட்டியலில் ஈரான், இந்தோனேசியாவுக்கு அடுத்து இந்தியாவைத்தான் சைமென்டெக் நிறுவனம் வைத்தது.

ஸ்டக்ஸ்நெட்டை ஒரு விதிவிலக்கு என்றே சொல்ல வேண்டும். அப்டேட் இல்லாத, வெளியில் தெரியாத ஓட்டைகளை அது பயன்படுத்தியது. அரசுகளின் ஆதரவு இல்லாமல் இப்படி ஒன்றைச் செய்வது கடினம் என்பது நிபுணர்களின் கருத்து. அந்த மாதிரிப் புழுவுக்கு முன்னால் எந்த நிறுவனமும் கொஞ்சம் திணறத்தான் செய்யும்.

4. மாற்றாத பாஸ்வேர்டு

2016-ல் வந்த ‘மிராய்’க்குக் கணினியே தேவைப்படவில்லை. சிசிடிவி கேமரா, டிவிஆர், வைஃபை ரூட்டர் போன்ற கருவிகளைத் தேடிப் பிடித்தது. அது கையில் வைத்திருந்த ஆயுதம், தொழிற்சாலையிலேயே போட்டுத்தரும் 60-க்கு மேற்பட்ட யூசர்நேம்-பாஸ்வேர்டு ஜோடிகளின் பட்டியல்; அவ்வளவுதான். பெயரும் ‘அட்மின்’, பாஸ்வேர்டும் ‘அட்மின்’ என்கிற ரகம்.

இப்படிப் பிடித்த கருவிகளைக் கொண்டு, 2016 அக்டோபர் 21 அன்று ‘டின்’ என்ற நிறுவனத்தின் சர்வர்களைத் தாக்கினார்கள். இணையதளப் பெயர்களை முகவரிகளாக மாற்றித்தரும் நிறுவனம் அது. விளைவு, ட்விட்டர், நெட்ஃப்ளிக்ஸ், ரெடிட் போன்ற தளங்களைப் பலரால் மணிக்கணக்கில் திறக்க முடியவில்லை. கேமராவின் சொந்தக்காரருக்கோ தன் கேமரா அப்படி ஒரு வேலையில் இறங்கியதே தெரியாது. ஆஃப் செய்து ஆன் செய்தால் மிராய் போய்விடும். ஆனால் பாஸ்வேர்டு மாறவில்லை என்றால் சில நிமிடத்தில் திரும்ப வந்துவிடும்.

5. உள்ளே கிடைக்கும் சாவிக்கொத்து

2017 ஜூன் 27 அன்று உக்ரைனில் தொடங்கிய ‘நாட்பெட்யா’தான் இருப்பதிலேயே சிக்கலான பாடம். உக்ரைன் நிறுவனங்கள் வரிக் கணக்குக்குப் பயன்படுத்திய ஒரு மென்பொருளின் அப்டேட்டுக்குள்ளேயே அது ஒளிந்து வந்தது. உள்ளே நுழைந்ததும், கணினியின் நினைவகத்தில் இருக்கும் பாஸ்வேர்டுகளைத் திருடும். அந்தச் சாவிகளால் அதே நெட்வொர்க்கில் இருக்கும் மற்ற கணினிகளைத் திறக்கும். வான்னாக்ரை பயன்படுத்திய ஓட்டையும் அதன் கையில் இருந்தது. ஆனால் ஓட்டையை அடைத்த கணினியும் தப்பவில்லை. சரியான சாவியோடு வருபவரைப் பூட்டு எப்படித் தடுக்கும்?

உலகின் மிகப்பெரிய கப்பல் நிறுவனங்களில் ஒன்றான மெர்ஸ்க், 4,000 சர்வர்களையும் 45,000 கணினிகளையும் முதலிலிருந்து அமைக்க வேண்டியதாயிற்று. மும்பை அருகே ஜவாஹர்லால் நேரு துறைமுகத்தில் அந்தக் குழுமம் நடத்தும் முனையத்திலும் சரக்குப் போக்குவரத்து தேங்கியது. மெர்ஸ்க் நெட்வொர்க்கின் பயனர் விவரங்களை வைத்திருக்கும் முக்கிய சர்வர்கள் எல்லாம் அழிந்துவிட, கானா நாட்டு அலுவலகத்தில் இருந்த ஒன்று மட்டும் பிழைத்தது. காரணம், அந்த நேரத்தில் அங்கே கரன்ட் கட்!

தடுப்பு மருந்து முன்பே தயார்

இனி தேதிகளை வரிசையாக வைத்துப் பார்ப்போம். 2001 ஜூலையில் வந்த ‘கோட் ரெட்’ புழுவுக்கான அப்டேட் ஜூன் மாதமே வந்துவிட்டது. ஸ்லாமருக்கு ஆறு மாதம் முன்பே வந்தது. 2008 நவம்பரில் பரவத் தொடங்கிய ‘கான்ஃபிக்கர்’ புழுவுக்கு அக்டோபரிலேயே வந்தது. வான்னாக்ரைக்கு இரண்டு மாதம். மிராய்க்கு அப்டேட்கூட வேண்டாம், பாஸ்வேர்டை மாற்றியிருந்தாலே போதும்.

ஆக, ஸ்டக்ஸ்நெட் போன்ற சிலவற்றைத் தவிர, புழுக்கள் ஜெயித்தது மேதைத்தனத்தால் அல்ல. தெரிந்த ஓட்டையை அடைக்க வேண்டியவர்கள் அடைக்காமல் விட்டதால். “அப்டேட்டா? அப்புறம் பார்த்துக்கலாம்” என்று தள்ளிப்போட்டவர்களில் லேப்டாப் வைத்திருக்கும் தனிநபர்களும் உண்டு. ஆனால் மருத்துவமனை சர்வரையோ காவல் நிலையக் கணினியையோ அப்டேட் செய்யும் அதிகாரம் அங்கே டைப் செய்துகொண்டிருக்கும் ஊழியர் கையில் இல்லை.

வான்னாக்ரை விஷயத்தில் பொறுப்பு இன்னும் மேலே போகிறது. அது பயன்படுத்திய ஆயுதத்தை உருவாக்கியது அமெரிக்க உளவு அமைப்பான என்எஸ்ஏ. ஓட்டையைக் கண்டுபிடித்தும் நீண்ட காலம் மைக்ரோசாஃப்டிடம் சொல்லாமல் தனக்காக வைத்திருந்தது. பின்னர் அந்த ஆயுதம் கசிந்து, 2017 ஏப்ரலில் இணையத்தில் எல்லோருக்கும் கிடைத்தது.

‘அப்டேட் பண்ணுங்க’ என்றால் முடிந்ததா?

மறுபக்கத்து நியாயத்தையும் கேட்க வேண்டும். அப்டேட் என்பது பட்டனைத் தட்டும் வேலை மட்டும் அல்ல. ஸ்கேன் இயந்திரத்தோடு வரும் கணினியில் மருத்துவமனை நினைத்தபோது கைவைக்க முடியாது. அதைத் தயாரித்த நிறுவனம் ஒப்புதல் தர வேண்டும். 24 மணி நேரமும் ஓடும் ஆலையில் ரீஸ்டார்ட் செய்ய நேரம் கிடைப்பதே கஷ்டம். அப்டேட்டே ஆபத்தாகவும் முடியலாம். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனம் அனுப்பிய ஒரு பிழையான அப்டேட், சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை நீலத் திரையில் நிறுத்தியது; விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். நாட்பெட்யாவோ அப்டேட் வழியாகவே வந்தது.

இவையெல்லாம் உண்மைதான். ஆனால் இவை ஒரு அப்டேட்டைச் சோதித்துப் பார்த்து, படிப்படியாகப் போடுவதற்கான காரணங்கள். ஆறு மாதம் போடாமலே இருப்பதற்கான காரணங்கள் அல்ல. உடனே போட முடியாத இயந்திரம் என்றால், அதை மற்ற நெட்வொர்க்கிலிருந்து பிரித்து வைக்கலாம். ரிசப்ஷன் கணினியில் நுழைந்த புழு ஐசியு கணினி வரை நடந்து போக வழி இருக்கக் கூடாது.

அப்படியென்றால், தானே போய் ஓட்டையை அடைக்கும் ஒரு ‘நல்ல புழு’வை அனுப்பினால் என்ன? அதையும் ஒருவர் செய்து பார்த்துவிட்டார். 2003 ஆகஸ்டில் ‘பிளாஸ்டர்’ புழு பரவியபோது, அதை அழித்து மைக்ரோசாஃப்ட் அப்டேட்டையும் போடும் ‘வெல்சியா’ என்ற புழு கிளம்பியது. அது இலக்கு தேடி அலைந்த அலைச்சலிலேயே நெட்வொர்க்குகள் நெரிசலில் சிக்கின. யாருடைய அனுமதியும் இல்லாமல் கணினிகளை ரீஸ்டார்ட் வேறு செய்தது. நல்ல எண்ணத்தோடு வந்தாலும் புழு புழுதான்.

எது வேலை செய்தது?

பென் டிரைவ் கதையிலேயே ஒரு பதில் இருக்கிறது. பென் டிரைவைச் செருகியதும் அதில் இருப்பது தானாக ஓடும் ‘ஆட்டோரன்’ வசதியை, கான்ஃபிக்கர் போன்ற புழுக்கள் நன்றாகப் பயன்படுத்திக்கொண்டன. “கண்ட பென் டிரைவைப் போடாதீங்க” என்று பல வருடம் சொல்லிப் பார்த்தார்கள். விண்டோஸ் 7-ல் அந்த வசதிக்குக் கடிவாளம் போட்ட மைக்ரோசாஃப்ட், 2011 பிப்ரவரியில் பழைய விண்டோஸ்களுக்கும் அதை அப்டேட்டாக அனுப்பியது. அதன் பிறகு அந்த வழியில் பரவிய தொற்று கணிசமாகக் குறைந்தது. லட்சக்கணக்கானோருக்குச் சொன்ன அறிவுரையால் ஆகாததை, தயாரிப்பாளர் மாற்றிய ஒரு செட்டிங் செய்தது.

சட்டமும் இந்தத் திசையில்தான் மெல்ல நகர்கிறது. எல்லாக் கருவிக்கும் ஒரே மாதிரியான, எளிதில் ஊகிக்கக்கூடிய பாஸ்வேர்டோடு பொருளை விற்பதை பிரிட்டன் 2024 ஏப்ரல் 29 முதல் தடை செய்தது. எத்தனை காலம் அப்டேட் தருவோம் என்பதையும் நிறுவனங்கள் சொல்லியாக வேண்டும். இந்தியாவில் சைபர் சம்பவம் நடந்தால் 6 மணி நேரத்துக்குள் செர்ட்-இன் அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2022-ல் உத்தரவு வந்தது. சிசிடிவி கேமராக்களுக்குப் பாதுகாப்புப் பரிசோதனையும் கட்டாயமாகியிருக்கிறது. நல்ல தொடக்கம். ஆனால் கடையில் ரூட்டரோ பட்ஜெட் போனோ வாங்கும்போது, ‘இதற்கு எந்த ஆண்டு வரை அப்டேட் வரும்?’ என்ற விவரம் பெட்டியின் மேலேயே, விலைக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். பிஸ்கட் பாக்கெட்டில் காலாவதி தேதி கேட்கும் நாடு, போனில் ஏன் கேட்கக் கூடாது?

இது எதிர்காலத்துக்கான கவலை மட்டும் அல்ல. விண்டோஸ் 10-க்கான வழக்கமான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. கூடுதல் அப்டேட்டுக்குத் தனியாகப் பதிவு செய்தால் கொஞ்ச காலம் ஓட்டலாம். பதிவு செய்யாத கணினியில் இனிமேல் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகள் அப்படியே இருக்கும். சின்ன கிளினிக், ஆடிட்டர் ஆபீஸ், பிரவுசிங் சென்டர் என்று எத்தனையோ இடங்களில் அந்தக் கணினிகள்தான் ஓடிக்கொண்டிருக்கின்றன.

இன்றே செய்யக்கூடியவை

நிறுவனங்கள் மாறும் வரை சும்மா இருக்க வேண்டியதில்லை. போனிலும் லேப்டாப்பிலும் ஆட்டோமேட்டிக் அப்டேட்டை ஆன் செய்து வையுங்கள். வைஃபை ரூட்டர், கேமரா ஆகியவற்றோடு வந்த பாஸ்வேர்டை மாற்றுங்கள். மெசேஜில் வரும் ஏபிகே ஃபைலை, அனுப்பியவர் யாராக இருந்தாலும் இன்ஸ்டால் செய்யாதீர்கள், ஒரு போன் போட்டு “நீங்கதான் அனுப்பினீங்களா?” என்று கேளுங்கள். முக்கியமான ஃபைல்களின் நகல் ஒன்று, கணினியோடு இணைக்கப்படாத ஹார்டு டிஸ்க்கில் இருக்கட்டும். கருவியில் சந்தேகம் இருந்தால், மத்திய அரசின் சைபர் ஸ்வச்தா கேந்திரா தளத்தில் இலவசக் கருவிகள் கிடைக்கின்றன.

அலுவலகத்தில் பேசும் இடத்தில் இருப்பவர்கள் இன்னும் இரண்டு கேள்வி கேட்கலாம். ஆதரவு முடிந்த கணினிகள் நம்மிடம் எத்தனை இருக்கின்றன? அவை மற்றவற்றிலிருந்து பிரித்து வைக்கப்பட்டிருக்கின்றனவா? இரண்டுக்கும் உடனே பதில் வரவில்லை என்றால், அதுவே ஒரு பதில்.

அடுத்த புழு வரத்தான் போகிறது. வந்ததும் பல அலுவலகங்களில் எழும் முதல் கேள்வி, “யாருப்பா கிளிக் பண்ணது?” என்பதாகத்தான் இருக்கும். அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி வேறு: “இந்த ஓட்டைக்கு அப்டேட் எப்போ வந்துச்சு? அதைப் போட வேண்டியது யார்?”